மலாயாக் கொசு

மலையாண்டி, சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற ஆள். ஒருமுறை மாட்டு வைத்தியர், தான் மறுபடி வந்து பார்க்கும்வரை பசுவை வெளியே விடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். போன கையோடு அவருக்கு மாற்றல் உத்தரவு வந்து ஆவுடையார்கோவில் பக்கம் போய்விட்டார். பசு தேறி, கொழுத்து, கட்டுத்தறியைப் பிடுங்குகிற நிலைக்கு வந்த பிறகும் மலையாண்டி அதை வெளியே விடவில்லை. கடைசியில் அவர் மனைவி பிச்சையம்மாள் ஆவுடையார்கோவிலுக்கே ஆளனுப்பி, வைத்தியர் வாயால் ஓர் அனுமதி வாங்கி வரவேண்டியிருந்தது. அன்னவாசலுக்குத் தெற்கே இருக்கும் புங்கம்பட்டியில் இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அவர் அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள்.

இந்தக் குணத்தால்தான் அவருக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோனது.

தம்பி ஆண்டிச்சாமி மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தான். தங்கை கண்ணாத்தாளைச் சிலோனில் கட்டிக்கொடுத்திருந்தது. அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஆத்தாவோடு ஊரில் இருந்தது மலையாண்டி மட்டும்தான். 1953-ஆம் வருஷம் ஆத்தாவுக்குச் சின்ன மகனைப் பார்க்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. அவளுக்கு ஒன்று தோன்றினால் அது உடனே நடந்தாக வேண்டும். கடிதம் போட்டார்கள். அடுத்த வருஷம் வருகிறேன் என்று பதில் வந்தது. அடுத்த வருஷம்வரை யார் காத்திருப்பது என்று கேட்டு, தான் சாகக் கிடப்பதாகத் தந்தி அடிக்கும்படி ஆத்தா மூத்த மகனிடம் சொன்னாள்.

மலையாண்டி அன்னவாசல் தபாலாபீசுக்குப் போய், தன் ஆத்தா சாகக் கிடப்பதாகத் தந்தி அடிக்கவேண்டும் என்றார். தந்தி எழுதிய குமாஸ்தா இளகிய மனசுக்காரர். இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறாள், கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று மலையாண்டி உள்ளதைச் சொன்னார். குமாஸ்தா ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தந்தியை அனுப்பினார்.

ஆண்டிச்சாமி கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, அன்னவாசலிலிருந்து அழுதுகொண்டே நடந்து வந்தான். ஓர் ஆண்பிள்ளை வாய்விட்டு அழுதுகொண்டு போவதைப் பார்த்து, வழியில் வேலையாக இருந்த பொம்பளைகளும் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். வாசலில் ஆத்தா முறத்தில் கொள்ளுப் புடைத்துக்கொண்டிருந்தாள். மகனை ஏற இறங்கப் பார்த்து, இளைத்துப்போய்விட்டாயே என்றாள். பின்னால் வந்த பொம்பளைகளுக்கு, பாதியில் நிற்கிற அழுகையை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று தம்பி அண்ணனைக் கேட்டான். மலையாண்டி ஆத்தாவைப் பார்த்தார். ஆத்தா முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயிலிருந்து வரட்டும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. பெற்றவளைக் காட்டிக்கொடுக்க அவருக்கும் வாய் வரவில்லை. அப்படியே அது அவர் செய்த காரியம் என்று ஆகிப்போனது.

திரும்பிப் போகும்போது பஸ் படியில் நின்றுகொண்டு ஆண்டிச்சாமி சொன்னான்: "இனிமே ஆத்தா நெசமாவே செத்தாலும் எனக்குத் தந்தி குடுக்காதீங்கண்ணே."

"சரி" என்றார் மலையாண்டி.

இரண்டு வருஷம் கழித்து மாசி மாதத்தில் ஆத்தா நிஜமாகவே செத்துப்போனாள். காலையில் கஞ்சி குடித்தாள், வெயில் ஏறியதும் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. மலையாண்டி தந்தி கொடுக்கவில்லை. பிச்சையம்மாள் சொல்லிப் பார்த்தாள், பங்காளிகள் சொல்லிப் பார்த்தார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான் என்றார். அவர்கள் வழக்கத்தில் அப்பனுக்கு மூத்தவனும் ஆத்தாளுக்கு இளையவனும் கொள்ளி வைக்கவேண்டும். இளையவன் இல்லாததால் மலையாண்டியே வைத்தார்.

தங்கைக்கு மட்டும் ஒரு கார்டு போட்டார். அண்ணன் எல்லாருக்கும் எழுதியிருப்பார் என்றுதான் கண்ணாத்தாள் நினைத்தாள். வருஷம் திரும்புகிற சமயத்தில், ஆத்தாவின் தலைத்திவசத்துக்கு ஊருக்குப் போகிறாயா என்று அவள் மலாயாவுக்கு எழுதிக் கேட்டாள். ஆண்டிச்சாமிக்கு ஆத்தா செத்தது அப்படித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு மலாயாவிலிருந்து ஒரு வரி வரவில்லை. இவரும் எழுதவில்லை. இப்படியே வருஷங்கள் போயின.

*

1962-ஆம் வருஷம் புங்கம்பட்டி பள்ளிக்கூடத்தில் அடைக்கலமேரி தலைமையாசிரியையாக இருந்தாள். ஆவூர்க்காரி. முப்பத்தைந்து வயசுக்கு மேலிருக்கும், கல்யாணம் ஆகவில்லை, ஆகவேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் அவர்கள் வீட்டுப் பிள்ளையின் வாய்ப்பாட்டைப் பற்றி விசாரிப்பாள். வாரநாளெல்லாம் ஊரில் ஒரு வாடகை அறையில் தங்கி, சனிக்கிழமை ஆவூருக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்துவிட்டுத் திரும்புவாள். திருச்சிக்கு அந்தப் பக்கம் அவள் போனதில்லை. ஆனால் சின்ன வயசிலிருந்து தபால்தலை சேர்த்தாள். ஆவூர்க் கோவிலில், பிரான்சிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட வயதான பாதிரியார் ஒருவர், தமக்கு வரும் கடித உறைகளையெல்லாம் அவளுக்கென்று எடுத்துவைப்பார்.

அந்த வருஷம் ஏப்ரல் மாதம், மலேரியாவை ஒழிப்பதற்காக உலகத்து நாடுகள் பலவும் சேர்ந்து தபால்தலை வெளியிட்டன. நூறு நாடுகளுக்கு மேல் என்று பேப்பரில் போட்டிருந்தது. எந்த நாட்டுத் தலையை எடுத்தாலும் அதே கொசுச் சின்னம் இருக்கும். அடைக்கலமேரி முதல் நாளே பஸ் பிடித்துப் புதுக்கோட்டைப் பெரிய தபாலாபீசுக்குப் போய், இந்தியக் கொசுவை வாங்கி முத்திரையும் குத்தி வாங்கிக்கொண்டு வந்தாள். பாதிரியாரோடு படித்தவர்கள் ஆப்பிரிக்காவில் அங்கிட்டும் இங்கிட்டுமாக இருந்ததால், அவள் வாயில் நுழையாத பெயருள்ள நாடுகளின் கொசுவெல்லாம் வாரத்துக்கு ஒன்றிரண்டாக வந்து சேர்ந்தன. எல்லாவற்றிலும் ஒரே படம், நாட்டின் பெயர் மட்டும் வேறு. அவற்றை வரிசையாக ஆல்பத்தில் வைத்துப் பார்ப்பதில் அவளுக்கு இருந்த நிம்மதி வேறெதிலும் இருந்ததில்லை.

புங்கம்பட்டிக்கு இந்தத் தபால்தலை பிடிக்கவில்லை. அதற்கு முந்தின வருஷங்களில்தான் மலேரியாக்காரர்கள் பம்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்து மருந்தடித்து, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். மூட்டைப்பூச்சி செத்ததில் ஊருக்குச் சந்தோஷம். கொசுவைப் பற்றி யாரும் கவனிக்கவில்லை. இப்போது, மருந்தடித்துக் கொல்கிறதும் இவர்கள்தான், காந்தி இருந்த இடத்தில் அதன் படத்தைப் போடுகிறதும் இவர்கள்தான் என்று தபால்காரர் தங்கமுத்துவிடம் சண்டைக்குப் போனார்கள். அதை நாக்கில் வைத்து நனைத்தால் காய்ச்சல் வருமா என்றும் சிலர் கேட்டார்கள். தங்கமுத்து எல்லாருக்கும் வேறு தலை கொடுத்துவிட்டு, மிஞ்சிய கொசுவையெல்லாம் டீச்சர் தலையில் கட்டினார். புங்கம்பட்டியில் யாருக்குச் சிலோனிலும் மலாயாவிலும் ஆளிருக்கிறது என்று டீச்சருக்குச் சொன்னதும் அவர்தான்.

சிலோன் சுலபமாக முடிந்தது. மலையாண்டியின் பெயரில் டீச்சரே தங்கைக்கு எழுதினாள். கண்ணாத்தாள் தன் கையாலேயே கிறுக்கலாக ஒரு பதில் போட்டு, உறையின் மேல் கேட்ட கொசுவை ஒட்டியிருந்தாள். வீட்டில் எல்லாரும் சுகமா, டீச்சருக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்றும் கேட்டிருந்தாள். டீச்சர் அந்தப் பகுதியை மலையாண்டிக்குப் படித்துக் காட்டவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டதும் மலையாண்டியை வரச்சொல்லி, மலாயாவுக்கும் எழுதலாமா என்று கேட்டாள். மலையாண்டி முடியாது என்றார். காரணம் கேட்டாள். அது வீட்டு விஷயம் என்றார். பிச்சையம்மாள் தன்னிடம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள் என்றாள் டீச்சர். அப்படியானால் தெரிந்துகொண்டே ஏன் கேட்கிறீர்கள் என்று மலையாண்டி எழுந்துவிட்டார்.

"உக்காருங்கண்ணே. பஸ்ல நின்னுக்கிட்டு ஒங்க தம்பி என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

மலையாண்டி அப்படியே சொன்னார். அந்த வாக்கியத்தை அவர் மனசுக்குள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருந்ததால் ஒரு சொல் பிசகவில்லை.

டீச்சர் பிள்ளைகளின் இலக்கணத்தைத் திருத்துகிறபோது இருக்கும் முகத்தோடு இருந்தாள்.

"தந்தி குடுக்காதீங்கன்னுதானே சொன்னாரு?"

"ஆமா."

"கடுதாசி போடாதீங்கன்னு சொல்லலையே."

மலையாண்டி அந்த வாக்கியத்தை மறுபடி ஒருதரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். டீச்சர் சொன்னதுதான் சரியாக இருந்தது. துண்டைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார்.

கோடைக்காலம். அப்போது அவர் கிணற்றில் தூர் வாரிக்கொண்டிருந்தார். அடுத்து வந்த நாட்களில் கூலியாட்களை மேலே நிற்கவைத்து, தானே உள்ளே இறங்கிச் சேற்றை அள்ளிக் கூடையில் போட்டார். மேலே வா என்று கூப்பிட்டாலும் வரவில்லை. தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாக அவர் இத்தனை வருஷம் நினைத்திருந்தார். ஊரெல்லாம் தப்பென்று சொன்னபோதும், சொல் சுத்தமாக இருக்கிறது என்ற ஒரு தெம்பு அவருக்கு இருந்தது. இப்போது பார்த்தால், தம்பி தந்தியை மட்டும் வேண்டாம் என்றிருக்கிறான். கடிதத்தையும் சேர்த்து வேண்டாம் என்று வைத்துக்கொண்டது அவர்தான். அதை ஏன் செய்தோம் என்று யோசித்தால், செய்யாத காரியத்துக்கு ஏச்சு வாங்கிய கோபம் அடியில் சேறுபோலக் கிடப்பது தெரிந்தது. அது தெரிந்ததும் சாப்பாடு இறங்கவில்லை. என்ன உடம்புக்கு என்று பிச்சையம்மாள் கேட்டாள். கிணற்று வாடை என்றார்.

தூர்வாரி முடித்த மறுநாள், குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். டீச்சர் மடித்து வைத்திருந்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். எழுதுங்கள் என்றார் மலையாண்டி.

டீச்சர் காகிதத்தை எடுத்து, நலம் நலமறிய ஆவல் என்று தொடங்கினாள். அதை அடிக்கச் சொன்னார். சாவுக் கடிதத்தில் யாராவது நலம் எழுதுவார்களா என்றார். யார் செத்தது என்று டீச்சர் கேட்டாள்.

"ஆத்தா."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வேறு காகிதம் எடுத்தாள். மலையாண்டி சுவரில் இருந்த இந்தியா படத்தைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். ஆத்தா மாசி மாதம், புதன்கிழமை போய்விட்டது. முந்தின நாள் கடலை உரித்தது. காலையில் கஞ்சி குடித்தது, உப்பு பத்தவில்லை என்றது. படுத்தபோது பக்கத்தில் பிச்சையம்மாள் இருந்தாள், நான் கொல்லையில் இருந்தேன். சின்னவனுக்குப் போன வருஷம் பிறந்த பிள்ளை நடக்கிறதா என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆவுடையார்கோவில் மாமன் வீட்டிலிருந்து வந்தார்கள், அன்னவாசல் பங்காளிகள் எல்லாரும் வந்தார்கள். புளியமரக் கட்டை. மழை இல்லை.

டீச்சர் எழுதிக்கொண்டே வந்தாள்.

"இதையும் எழுதுங்க டீச்சரம்மா. ஒன் கொள்ளிய நான்தான் வச்சேன். ஒன் கையின்னு நெனச்சுக்கிட்டுத்தான் வச்சேன்."

அதையும் எழுதினாள். தந்தி யார் சொல்லி அடித்தது என்பதையும் எழுதிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டாள். அது செத்துப்போனவள் விஷயம், வேண்டாம் என்றார்.

எழுதி முடித்ததும், காகிதத்தின் நாலு மூலையிலும் கருப்பு மை தடவச் சொன்னார். சாவுச் செய்தி என்றால் அப்படித்தான் அனுப்புவது வழக்கம். ஏழு வருஷம் ஆன சாவுக்கு மை தடவலாமா என்று டீச்சர் யோசித்தாள். அவனுக்கு இன்னும் சொல்லவேயில்லையே என்றார் மலையாண்டி. டீச்சர் மைப்புட்டியைத் திறந்து தடவினாள். உறையின் மூலையிலும் தடவினாள்.

பிறகு ஒரு சங்கடம் வந்தது. கொசு விஷயத்தை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட கடிதத்தில் அதைச் சேர்க்க டீச்சருக்கே கூச்சமாக இருந்தது, விட்டுவிடலாம் என்றாள். கேட்டது கேட்டதுதான், எழுதுங்கள் என்றார் மலையாண்டி. கடைசியில் ஒரு கோடு போட்டு, அதன் கீழே தன் பெயரில், இந்தத் துயரச் சமயத்தில் கேட்பதற்கு மன்னிக்கவேண்டும், உறையின் மேல் ஒட்டியிருப்பது போன்ற கொசுத் தபால்தலை மலாயாவிலும் வந்திருக்கிறது, பதில் எழுதும்போது அதையே ஒட்டி அனுப்பினால் நன்றியுடையவளாக இருப்பேன் என்று எழுதினாள். தங்கமுத்து தன் தலையில் கட்டியிருந்த கொசுக்களை, கருப்பு மூலை மறையாமல் வரிசையாக ஒட்டினாள்.

*

பதில் ஆனி மாதம் வந்தது. தங்கமுத்து அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேராகப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். ஏனென்றால் மேலே கொசு இருந்தது. ஒன்றல்ல, மூன்று, மூன்றும் வேறு வேறு நிறம். டீச்சர் அதைக் கையில் வாங்கியதும் முதல் தடவையாகப் பிள்ளைகளை மணியடிக்கும் முன்னே வீட்டுக்கு அனுப்பினாள் என்று சொல்கிறார்கள். ஆனால் உறையின் மேல் 'அண்ணன் மலையாண்டி அவர்களுக்கு' என்று இருந்ததால் அவள் அதைப் பிரிக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டு மலையாண்டி வீட்டுக்குப் போனாள்.

பிச்சையம்மாள் முற்றத்தில் பாய் விரித்தாள். மலையாண்டி தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். டீச்சர் உறையின் ஓரத்தைக் கத்திரிக்கோலால் நூல் பிடித்ததுபோல் வெட்டி, கடிதத்தை எடுத்துப் படித்தாள். உள்ளேயிருந்து ஒரு போட்டோவும் விழுந்தது. மொட்டைத் தலையோடு ஒரு மனுஷன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் மனைவி, பிள்ளைகள். பிச்சையம்மாள் அது யாரென்று கண்டுகொள்ளக் கொஞ்சநேரம் ஆயிற்று. கண்டுகொண்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஆண்டிச்சாமி எழுதியிருந்தது இவ்வளவுதான். கடிதத்தை ஆபீசில் வைத்துக் கொடுத்தார்கள். மூலையில் மையைப் பார்த்ததும், அண்ணன்தான் போய்விட்டது என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பிரித்துப் படித்து, உன் ஆத்தா இறந்துவிட்டதாம் என்றார். அப்போது எனக்கு வந்தது சந்தோஷமா துக்கமா என்று தெரியவில்லை, அழுகை மட்டும் நிற்கவில்லை. எப்போது இறந்தது என்று கிராணி கேட்டார். கடிதம் இப்போதுதான் வந்தது என்றேன். அவர் அதற்குமேல் கேட்காமல் லீவு கொடுத்தார். ஆற்றங்கரையில் மொட்டை போட்டு, தோட்டத்து முனீஸ்வரன் கோவிலில் வைத்துச் செய்யவேண்டியதைச் செய்தேன். பத்துப் பேருக்குச் சாப்பாடு போட்டேன். கண்ணாத்தாள் எழுதித் தெரிந்தபோது நான் எதுவும் செய்யவில்லை. அண்ணன் சொல்லாமல் எப்படிச் செய்வது? பிள்ளை நடக்கிறான், இப்போது மூன்றாவது படிக்கிறான். டீச்சர் கேட்ட கொசு, இருந்த மூன்று விலையிலும் ஒவ்வொன்று ஒட்டியிருக்கிறேன்.

டீச்சர் கடிதத்தை மடித்து மலையாண்டியிடம் கொடுத்தாள். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிச்சையம்மாள் எழுந்து போய், ஆத்தா படுத்து இறந்த இடத்தில் விளக்கேற்றிவிட்டு வந்தாள்.

போட்டோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, தலை அப்பனைப்போலவே இருக்கிறது என்று மலையாண்டி சொன்னார். அவர் முகம் நனைந்திருந்ததை அவர் துடைத்துக்கொள்ளவில்லை. டீச்சர் பார்வையை மாட்டுக் கொட்டகைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கிளம்பும்போது, அந்த உறையைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். மலையாண்டி உறையைக் கையில் எடுத்தார். மேலே தன் பெயரைத் தடவிப் பார்த்தார். அவருக்குப் பெரிய எழுத்துத்தான் படிக்க வரும். ஆண்டிச்சாமி அது தெரிந்து பெரிதாகவே எழுதியிருந்தான்.

"வெட்டணுமா டீச்சரம்மா?"

வெட்டமாட்டார்கள், தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது என்று டீச்சர் விளக்கினாள்.

"தண்ணியில போட்டா எழுத்து கரைஞ்சு போயிருமே."

டீச்சரால் பொய் சொல்ல முடியவில்லை. கரையும் என்றாள்.

மலையாண்டி வெகுநேரம் யோசித்தார். கேட்டவள் யார் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னவள், எழுதிக் கொடுத்தவள், மூன்று மாதமாக இந்தக் கொசுவுக்காகக் காத்திருந்தவள். கொடுக்கத்தான் வேண்டும். கை மட்டும் நீளவில்லை. கடைசியில், அடுத்த கடிதத்து உறையை எடுத்துக்கொள்ளுங்கள், இதை விட்டுவிடுங்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். டீச்சர் சரி என்றாள். சொல்லிவிட்டு வேகமாக நடந்துபோனாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை என்று வீட்டுக்காரம்மா மறுநாள் பிச்சையம்மாளிடம் சொன்னாள்.

அடுத்த கடிதம் அடுத்த மாதமே வந்தது. அதன் மேல் புலி இருந்தது. அதற்கடுத்ததில் ஒரு பூ. கொசு தீர்ந்துவிட்டது, ஈப்போவரைக்கும் போய்க் கேட்டுவிட்டேன் என்று ஆண்டிச்சாமி எழுதியிருந்தான். மாதம் தவறாமல் கடிதம் வந்தது. எல்லா உறையையும் மலையாண்டி டீச்சரிடம் கொடுத்தார். ஒன்றிலும் கொசு இல்லை. டீச்சர் ஒவ்வொன்றையும் வாங்கி நன்றி சொன்னாள். அவள் ஆல்பத்தில் இந்தியாவுக்கும் சிலோனுக்கும் பக்கத்தில் மூன்று கட்டம் காலியாக இருந்தது. கொஞ்சநாள் கழித்து, அந்தக் கட்டங்களுக்குக் கீழே மற்ற தலைகளுக்கு எழுதுவதுபோலவே அழகான கையெழுத்தில், 'மலாயா: மலையாண்டி வீட்டில் உள்ளது' என்று எழுதினாள். ஆவூர்ப் பாதிரியார் ஆல்பத்தைப் புரட்டுகையில் அதைப் பார்த்து விளக்கம் கேட்டார். உள்ளதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றாள். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்புகிற வழியில் மலையாண்டி வீட்டுக்குப் போவாள். பிச்சையம்மாள் பெட்டியிலிருந்து உறையை எடுத்துக் கொடுப்பாள். ஓரம் கசங்காமல் பிடித்துப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவாள்.

*

மறுவருஷம் தை மாதம் ஆண்டிச்சாமி வந்தான். இந்தமுறை அழாமல் நடந்து வந்ததால் வழியில் யாரும் சேர்ந்து வரவில்லை. தலையில் முடி வளர்ந்து, பாதி நரைத்திருந்தது. அண்ணன் காலில் விழுந்தான். மலையாண்டி தூக்கி நிறுத்தி, பஸ் கூட்டமா என்று கேட்டார். கூட்டம்தான் என்றான்.

இரண்டாம் நாள் காலையில் இருவரும் ஆத்தாவை எரித்த இடத்துக்குப் போனார்கள். அங்கே கருவேலம் முளைத்துக் கிடந்தது. எந்தப் பக்கம் தலை என்று ஆண்டிச்சாமி கேட்டான். மலையாண்டி காட்டினார். கொஞ்சநேரம் நின்றார்கள். திரும்பி வரும்போது கண்மாய்க் கரையில் ஆண்டிச்சாமி நின்றுகொண்டான்.

"அன்னைக்குத் தந்தி அடிக்கச் சொன்னது ஆத்தாதான்னு எனக்குத் தெரியுண்ணே."

மலையாண்டி தம்பியைப் பார்த்தார். "எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. முறத்தப் பாத்துக்கிட்டு இருந்துச்சுல்ல, அப்பவே."

"பெறகு ஏண்டா என்னைய வஞ்ச?"

"ஆத்தாவ எப்படிண்ணே வையிறது?" என்றான் ஆண்டிச்சாமி.

மலையாண்டி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மேற்கொண்டு கேட்கவில்லை. இருவரும் கரையிலேயே உட்கார்ந்து, எதிர்க்கரையில் மாடு குளிப்பாட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்தார்கள்.

நாலாம் நாள் அவர்களுக்குள் சண்டை வந்தது. கிணற்று மேட்டில் தென்னை வைக்கவேண்டும் என்று ஆண்டிச்சாமி சொன்னான், எலுமிச்சைதான் வைக்கவேண்டும் என்று மலையாண்டி சொன்னார். காலையில் தொடங்கியது சாயங்காலம்வரை ஓயவில்லை; தெருமுனைவரை சத்தம் கேட்டது. என்ன சங்கதி என்று பங்காளி வீட்டுச் சோலையப்பன் வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை, அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பிச்சையம்மாள் சொல்லி, அவருக்கும் ஒரு டம்ளர் காபி வைத்தாள்.